மழைத் தீவில் காட்டுத்தீ: ரியூனியன் நாட்குறிப்பு

சனி, சேன்-போல்

ஒரே நாளில் உலகத்திலேயே அதிக மழை கொட்டிய இடம் எது என்று கேட்டால் நாமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சிரபுஞ்சி என்போம். இரண்டு நாள் கணக்கு சிரபுஞ்சியுடையதுதான். 24 மணி நேரக் கணக்கு இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான இந்த ரியூனியன் தீவுடையது. 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது ஃபோக்-ஃபோக் என்ற மலைமேட்டில் 1,825 மில்லிமீட்டர். சென்னையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். மூன்று நாள் கணக்கும் இவர்களிடமே இருக்கிறது: 2007இல் காமேட் புயல், 3,930 மில்லிமீட்டர்.

இப்படிப்பட்ட ஊருக்குக் காட்டுத்தீ பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் அக்கா சிரித்துவிட்டாள். மாமா சிரிக்கவில்லை. அவர் 2011 தீயைப் பார்த்தவர்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கோவையில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படங்களிலிருந்து காட்டு வரைபடம் போடுவது என் பிழைப்பு. 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் தீயில் மாட்டி இறந்தார்கள் அல்லவா, அதற்கப்புறம் தீ வரைபடம் என்றால் மற்ற வேலையைத் தள்ளி வைத்துவிடுகிறேன். அக்காவைக் கட்டிக்கொடுத்தது புதுச்சேரியில், சொல்தா குடும்பத்தில், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த குடும்பத்தில். மாமாவும் அதே ராணுவத்தில் இருந்தவர். ஓய்வு பெற்றபின் இங்கே ஒரு பள்ளியில் வேலை. புதுச்சேரியிலிருந்து வந்த இவர்களைப் போன்றவர்கள் வீட்டில் இன்னும் தமிழ் பேசுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பேசுவது கிரியோல். அவர்களிடம் தமிழ் கோயிலில் இருக்கிறது.

விமான நிலையத்திலிருந்து மேற்கே போகிற சாலை கொஞ்ச தூரம் கடலுக்கு மேலேயே பாலமாக ஓடுகிறது. தலைநகர் சேன்-தெனியைத் தாண்டும்வரை பச்சை. பாலம் முடிந்து மேற்குக் கரை ஆரம்பித்ததும் புல் வைக்கோல் நிறத்துக்கு மாறிவிட்டது. தென்கிழக்கிலிருந்து வரும் காற்று மேகத்தைக் கொண்டுவந்து கிழக்குச் சரிவில் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வெறுங்கையோடு இறங்குகிறது. நடுவில் நிற்பது 3,000 மீட்டருக்கு மேல் உயரமான மலை. மேற்குத் தொடர்ச்சி மலையை வைத்து நாம் பள்ளிக்கூடத்தில் படித்த அதே பாடம், திசை மட்டும் வேறு.

மே முதல் நவம்பர் வரை இங்கே வறண்ட பருவம். அதன் கடைசிப் பகுதியான அக்டோபர், நவம்பர்தான் பயம். வந்து சேர்ந்திருப்பது அக்டோபரில்.

ஞாயிறு, மாயிதோ போகும் வழி

ஞாயிற்றுக்கிழமை என்றால் இந்தத் தீவே வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே சாப்பிடப் போய்விடுகிறது. நம் ஊரில் பார்சல் கட்டிக்கொண்டு போவதுபோல் இல்லை. அண்டா, அரிசி, கோழி, விறகு எல்லாம் வண்டியில் ஏறும். மரத்தடியில் அடுப்பு மூட்டி, கோழிக் குழம்பை அங்கேயே கொதிக்கவிட்டு, பாட்டுப் போட்டு, பிற்பகல்வரை உட்கார்ந்திருப்பார்கள். விறகடுப்பில் வைக்காத குழம்பு குழம்பே இல்லை என்பது இங்குள்ள எல்லா இனத்தாரும் ஒத்துக்கொள்ளும் ஒரே விஷயம் என்கிறாள் அக்கா. அவள் ஒரு பாத்திரத்தில் முருங்கைக்கீரையும் கொண்டுவந்திருந்தாள்.

அடுப்பு கண்ட இடத்தில் மூட்டக்கூடாது. கல் வைத்துக் கட்டிக்கொடுத்திருக்கிற இடத்தில் மட்டும்தான். ரொம்பக் காய்ந்த நாட்களில் அதற்கும் தடை வரும். தடை வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அதிகாரிகளுக்கு விழும் திட்டை நான் இங்கே எழுத முடியாது.

கிளம்பும்போது மாமா செய்ததைச் சொல்ல வேண்டும். சாம்பலைக் குச்சியால் கிளறினார். தண்ணீர் ஊற்றினார். திரும்பக் கிளறினார். அப்புறம் புறங்கையைச் சாம்பலுக்கு ஒரு சாண் மேலே பிடித்துக்கொண்டு, மெதுவாக இடமிருந்து வலமாக நகர்த்தினார். ஒரு மூலையில் கை நின்றது. அங்கே மட்டும் இன்னொரு குடம். எங்கள் கண்ணுக்கு எல்லா இடமும் ஒரே சாம்பல்தான்.

“ராணுவத்தில சொல்லிக்கொடுத்தாங்களா மாமா?”

“எங்க ஆயா சொல்லிக்கொடுத்தாங்க, மாப்ள.”

700 கிலோமீட்டர், 800 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளும் தீயைப் பிடிப்பது ஏறக்குறைய இந்தப் புறங்கை முறையில்தான். அதைச் செவ்வாய்க்கிழமை சொல்கிறேன்.

திங்கள், மாயிதோ

விடியுமுன் கிளம்பிவிட வேண்டும் என்று மாமா கறாராகச் சொல்லிவிட்டார். வழியில் ப்தித் ஃபிரான்ஸ் என்ற ஊர். ஜெரேனியம் தழையைக் காய்ச்சி வாசனை எண்ணெய் எடுக்கிறவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். இருட்டில் கடைகள் மூடியிருந்தாலும் வாசனை வண்டிக்குள் வந்தது.

மாயிதோ உச்சி சுமார் 2,200 மீட்டர். விளிம்பில் நின்றால் கீழே மஃபாட் பள்ளத்தாக்கு. சாலை கிடையாது, கால்நடையாகவோ ஹெலிகாப்டரிலோதான் போக வேண்டும். சின்னச் சின்ன ஊர்கள் அங்கங்கே தெரிந்தன. காட்சியைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு பின்பக்கச் சரிவைப் பார்த்தேன்.

புதர். இடுப்பளவு, சில இடங்களில் ஆள் உயரம். பிரான்ல் என்று இங்கே சொல்லும் எரிக்கா செடிதான் அதிகம். இந்தத் தீவுக்கே உரியது. இலை ஊசிபோல. ஒரு கொத்தைக் கிள்ளினேன், படபடவென்று ஒடிந்தது. நடுநடுவே மஞ்சள் பூவோடு முள்செடி. ஐரோப்பாவிலிருந்து வந்து பரவியது. அது நன்றாக எரியும், எரிந்தபின் எல்லோருக்கும் முன்னால் முளைக்கும். நம் நீலகிரியிலும் அதே செடி இருக்கிறது, அதே வேலையைச் செய்கிறது.

இந்தத் தீவின் மலைகளும் செங்குத்துச் சுவர்களும் யுனெஸ்கோ உலக மரபுச் சொத்தானது 2010 ஆகஸ்டில். அக்டோபரில் மாயிதோவில் தீ பற்றியது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஹெக்டேர் போயிற்று. அடுத்த வருஷம் 2011 அக்டோபர் 25 அன்று மறுபடியும். இந்த முறை 2,500 ஹெக்டேருக்கும் மேல். யாரோ வைத்த தீ என்றே சந்தேகம். பிரான்சிலிருந்து தீயணைப்புப் படை வந்தது, தண்ணீர் கொட்டும் தாஷ்-8 விமானம் வந்தது. விமானம் தாமதம் என்று பெரிய சண்டை. பாரிசிலிருந்து இங்கே வர 9,000 கிலோமீட்டருக்கு மேல். தீ அதுவரைக்கும் காத்திருக்குமா? அதற்கப்புறம் வறண்ட பருவத்தில் அந்த விமானத்தை இங்கேயே கொண்டுவந்து நிறுத்தும் வழக்கம் ஏற்பட்டது.

மாமா ஓர் இடத்தில் குனிந்து தரையை விரலால் குத்தினார். விரல் உள்ளே போனது. இன்னும் அழுத்தினார், முழு விரலும் போயிற்று. மண் இல்லை. புதர்களின் சருகும் வேரும் பாசியும் வருஷக்கணக்கில் மட்கிச் சேர்ந்த மெத்தை. அவூன் என்று பெயர். மழைக்காலத்தில் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காய்ந்துபோனால் மேலே சுவாலை இல்லாமல் உள்ளுக்குள்ளேயே கனன்று, அணைத்துவிட்டோம் என்று ஆட்கள் இறங்கிப் போனபின் பத்தடி தள்ளி எழும். 2011இல் அத்தனை நாள் இழுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வெள்ளையாக நிற்கும் செத்த மரங்கள் இன்னமும் இருக்கின்றன. இதில் சொஃபோரா என்ற மஞ்சள் பூ மரம் இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் கிடையாது. மலைமேட்டில் வளரும் தமரின் மரம் (நம் புளி இல்லை, அக்கேசியா வகை) கொஞ்சம் கெட்டிக்காரன், தீக்குப்பின் விதை முளைக்கும். அதன் மிக நெருங்கிய சொந்தக்காரன் ஹவாயில் இருக்கிறது என்று மரபணு பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே ஹவாய், எங்கே ரியூனியன்!

ஒன்பது மணிக்கு முன்னாலேயே மேகம் ஏற ஆரம்பித்தது. கடலிலிருந்து சரிவைப் பிடித்துக்கொண்டு வந்தது. பத்து மணிக்கு மஃபாட் இல்லை. விளிம்பு இல்லை. பத்தடி தள்ளி நின்ற மாமாவே பாதிதான் இருந்தார். விடியுமுன் கிளம்பச் சொன்னது இதற்குத்தான். சுற்றுலா வருகிறவர்களுக்கு இது ஏமாற்றம். எனக்கு இன்றைய பெரிய பாடம். ஏனென்றால் தீயைத் தேடும் முக்கியமான செயற்கைக்கோள்கள் தலைக்குமேல் வருவது பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டி.

இறங்கும் வழியில் வளிமண்டல ஆய்வகத்தின் கட்டடங்களை வெளியிலிருந்து பார்த்தோம். 2012இல் திறந்தது. இரவில் லேசர் ஒளியை வானத்துக்கு அனுப்பி மேலே என்ன மிதக்கிறது என்று பார்க்கிறார்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை இவர்களின் கருவியில் ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதிப் புகையும் மடகாஸ்கர் புகையும் விழும். 2019–20இல் ஆஸ்திரேலியா எரிந்தபோது அந்தப் புகையும் விழுந்தது. தன் காடு எரிகிறதோ இல்லையோ, ஊரார் காடு எரிவது இந்த மலைக்குத் தெரிந்துவிடுகிறது.

செவ்வாய், வீட்டில்

வெளியே போகவில்லை. மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்தாவது படிக்கும் அக்கா மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்குத் தமிழ் புரியும். பதில் பிரெஞ்சும் தமிழுமாக வரும்.

செயற்கைக்கோள் கண்ட தீயைப் புள்ளியாகக் காட்டும் நாசாவின் ஃபர்ம்ஸ் தளத்தில் உலக வரைபடம். மடகாஸ்கர் சிவப்புப் புள்ளிகளால் நிறைந்திருந்தது. மொசாம்பிக் இன்னும் மோசம். ரியூனியனில் ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு புள்ளியும் எப்படி விழுகிறது? எல்லாப் பொருளும் வெப்பத்தைக் கதிராக வெளியே விடுகிறது. சாதாரணத் தரை அதிகம் விடுவது 11 மைக்ரான் அலைநீளத்தின் பக்கம். நெருப்பு பல நூறு டிகிரி என்பதால் 4 மைக்ரான் பக்கம் திடீரென்று எகிறும். இந்த இரண்டையும் ஒப்பிட்டு, சுற்றியுள்ள இடங்களோடும் ஒப்பிட்டு, தனியாக எகிறுகிற இடத்தில் புள்ளி வைக்கிறார்கள். மாமாவின் புறங்கை ஒரு மூலையில் நின்றதே, அதுதான். படம் சின்னச் சின்னக் கட்டங்களால் (பிக்சல்) ஆனது. நெருப்பு ஒரு கட்டம் முழுக்க இருக்க வேண்டியதில்லை. ஒரு சிறு பகுதி எரிந்தாலே 4 மைக்ரானில் காட்டிக்கொடுத்துவிடும்.

1999இல் ஏவிய டெர்ராவும் 2002இல் ஏவிய அக்வாவும் சுமந்த மோடிஸ் கருவிக்கு ஒரு கட்டம் என்பது ஒரு கிலோமீட்டர். அடுத்த தலைமுறையான வியர்ஸ் கருவிக்கு 375 மீட்டர். வியர்ஸைச் சுமந்த முதல் செயற்கைக்கோளான சுவோமி என்பிபியை கலிஃபோர்னியாவிலிருந்து ஏவிய தேதி 2011 அக்டோபர் 28. மாயிதோ அப்போது எரிந்துகொண்டிருந்தது! அப்புறம் 2017இலும் 2022இலும் அதே கருவியோடு இன்னும் இரண்டு ஏவினார்கள்.

“அப்போ தீ பிடிச்சா உடனே தெரியுமா மாமா?” என்றாள்.

அங்கேதான் விஷயம். இந்தச் செயற்கைக்கோள்கள் பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை கடக்கும். படம் கீழே வந்து, கணக்குப் போட்டு, புள்ளியாக வலைதளத்தில் ஏற மூன்று மணி நேரம்வரை ஆகலாம். பிற்பகலில் மேகம் மூடியிருந்தால் அந்த முறை குருடு. இந்தியப் பெருங்கடலுக்கு மேலே ஒரே இடத்தில் நிற்கும் மீட்டியோசாட் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும். ஆனால் அதற்குக் கட்டமே மூன்று கிலோமீட்டருக்கு மேல். சின்னத் தீ அதன் கண்ணில் படாது. இந்தத் தீவில் 8 லட்சத்துக்கு மேல் ஜனம், எல்லோர் கையிலும் போன். மாயிதோ சரிவில் புகை கிளம்பினால் கடற்கரையில் குளிக்கிறவன் பார்த்துத் தீயணைப்புக்கு அடித்துவிடுவான். செயற்கைக்கோள் இங்கே முதல் சாட்சி ஆக முடியாது.

மடகாஸ்கர் காட்டிலும் அமேசானிலும் கதை வேறு. பல இடங்களில் ஆள் நடமாட்டமே குறைவு. இருக்கிறவர்களில் சிலரே தீ வைக்கிறவர்கள். அங்கே முதல் சாட்சி மட்டுமல்ல, சில நேரம் ஒரே சாட்சியும் செயற்கைக்கோள்தான். நம் ஊரில் டேராடூனிலிருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் இதே புள்ளிகளை எடுத்துச் சரக வாரியாகப் பிரித்து வனத்துறை ஆட்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. அது ரொம்ப உபயோகமான வேலை.

என்னைக் கேட்டால், தீ பிடித்தபின் வரும் புள்ளியைவிட, பிடிப்பதற்கு முன் வரும் கணக்குக்குத்தான் பெருமை சேர வேண்டும். கனடாக்காரர்கள் உண்டாக்கிய தீ வானிலைக் குறியீடு என்று ஒன்று இருக்கிறது. பிரான்ஸ் உட்படப் பல நாடுகள் எடுத்துக்கொண்டன. நண்பகல் வெப்பம், ஈரப்பதம், காற்று, முந்தைய 24 மணி நேர மழை, இந்த நான்குதான் சரக்கு. அதை வைத்துக்கொண்டு தரையை மூன்று அடுக்காகப் பார்க்கிறார்கள். மேல் சருகு ஒரு நாளிலேயே காய்ந்துவிடும். அடுத்த அடுக்கு காய ஏறக்குறைய இரண்டு வாரம். அடி அடுக்குக்கு ஐம்பது நாள் பக்கம். நேற்று மாமாவின் விரல் போனதே, அந்த அடி அடுக்கு. மேல் சருகு மட்டும் காய்ந்திருந்தால் தீ வேகமாக ஓடி அடங்கிவிடும். அடியும் காய்ந்திருந்தால் வாரக்கணக்கில் உட்கார்ந்துகொள்ளும்.

வானிலை நிலையங்கள் அடர்த்தியாக இல்லாத வெப்பமண்டல நாடுகளில் இந்த நான்கு எண்ணுக்கு எங்கே போவது? செயற்கைக்கோளிடம்தான். மழையை ரேடாரால் அளப்பவை இருக்கின்றன, மண்ணின் ஈரத்தை மைக்ரோ அலையால் அளப்பவை இருக்கின்றன, இலை எவ்வளவு பச்சை என்று பார்ப்பவை இருக்கின்றன. மழைக்காடு சாதாரண வருஷத்தில் பற்றாது. உள்ளே அவ்வளவு ஈரம். கடல் சூடாகி எல் நினோ வந்து மழை பொய்க்க வேண்டும், மனிதன் ஓரத்தை வெட்டித் திறந்துவிட்டிருக்க வேண்டும். 2015இல் இந்தோனேசியாவில் இரண்டும் கூடியது, சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. கடல் மேற்பரப்பின் சூட்டைப் பார்த்தே அமேசானுக்கு வரப்போவது மோசமான தீப்பருவமா என்று சில மாதங்களுக்கு முன் சொல்ல முடிகிறது. சொன்னபின் யார் என்ன செய்கிறார்கள் என்பது அறிவியலின் கையில் இல்லை.

ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் திட்டமும் மற்றவர்களும் சேர்ந்து நடத்தும் உலகத் தீத் தகவல் தளத்தில் அடுத்த சில நாட்களுக்கான இந்தக் குறியீடு வரைபடமாகவே கிடைக்கும், இலவசமாக. ரியூனியனைப் பெரிதாக்கிப் பார்த்தோம். கட்டங்கள் பல கிலோமீட்டர் அகலம். ஒரே கட்டத்துக்குள் தென்னை மரமும் இருக்கிறது, 2,000 மீட்டர் மலையும் இருக்கிறது. இந்தத் தீவுக்கு அது போதாது. உள்ளூர் வானிலைக்காரர் மலைமேல் வைத்திருக்கும் கருவியையும் சேர்த்துப் பார்த்தால்தான் பேச முடியும்.

அக்கா மகள் கட்டங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, “எங்க வீடும் மாயிதோவும் ஒரே கலரா? மேல ஸ்வெட்டர் போடணுமே” என்றாள். நான் ஒரு பக்கம் எழுதியதை ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

வியாழன், சேன்-பியேர்

தெற்கே சேன்-பியேர். தேர்-சேன்த் என்ற மீனவர் குடியிருப்பை ஒட்டிப் பல்கலைக்கழக வளாகம், அதில் செயற்கைக்கோள் படம் வாங்கும் நிலையம். மடகாஸ்கர், கொமோரோ, மொரீசியஸ் எல்லாம் இதன் பார்வைக்குள் வரும். காடு, கடல், புயல் சேதம், எல்லாவற்றுக்கும் இங்கே படம் இறக்குகிறார்கள். எரிந்தபின் எவ்வளவு போயிற்று என்று அளக்க 2015 முதல் ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பத்து மீட்டர் நுணுக்கம், இரண்டு செயற்கைக்கோள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒரு படம். உயிருள்ள இலை நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும், கருகிய தரை அனுப்பாது. தீக்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் கழித்தால் எரிந்த எல்லை கோடு போட்டதுபோல் வந்து நிற்கும். முள்செடி எங்கே முதலில் தலை தூக்குகிறது என்பதையும் பின்வரும் மாதங்களில் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எனக்குச் சோறு போடும் வேலை இது.

மாலையில் நரசிங்கப் பெருமாள் கோயில். கோபுரம் பளிச்சென்று இருந்தது. கடற்காற்று. புளியோதரை இல்லை.

வெள்ளி, எரிமலைப் பக்கம்

பித்தோன் தெ லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர். உலகத்தில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. நாங்கள் போனபோது தூங்கிக்கொண்டிருந்தது. பிளேன் தே சாப்ல் என்ற செம்மண் வெளியைக் கடந்து விளிம்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம். குளிர்.

இது ஏன் இந்தக் கட்டுரையில்? செயற்கைக்கோளுக்கு நெருப்பு என்றால் நெருப்பு. எரிமலைக் குழம்பா, காட்டுத்தீயா, இரும்பாலைச் சூளையா என்று 4 மைக்ரானுக்குத் தெரியாது. ஃபர்ம்ஸின் பழைய கோப்புகளில் ஒவ்வொரு புள்ளியோடும் ஒரு வகை எண் இருக்கும்: 0 என்றால் செடிகொடித் தீ, 1 என்றால் எரிமலை, 2 என்றால் தரையில் நிலையாக இருக்கும் வேறு வெப்பம், 3 என்றால் கடலுக்குள், எண்ணெய்க் கிணற்றுச் சுவாலை மாதிரி. ரியூனியனுக்கான கோப்பு ஒன்றை நேற்றிரவு இறக்கிப் பார்த்தேன். தென்கிழக்கு மூலையில் 1 என்ற எண்ணாகவே குவிந்து கிடந்தது. இந்த எண்ணைப் பார்க்காமல் புள்ளிகளை மட்டும் எண்ணினால், தீவிலேயே ஈரமான மூலைதான் அதிகம் எரிகிறது என்ற வேடிக்கையான முடிவுக்கு வந்துவிடலாம். அவசரத்தில் போடும் வரைபடங்களில் இது நடக்கிறது.

கிழக்கே இறங்கிக் கடலோரச் சாலையில் போனால் குழம்பு ஓடிய கறுப்புச் சரிவுகள். 2007 ஏப்ரலில் ஓடியது சாலையை வெட்டிக்கொண்டு கடலில் போய் விழுந்தது. அதைத் தாண்டி சேன்-பிலிப்பில் மார் லோங் காடு. தாழ்நில மழைக்காட்டில் இந்தத் தீவில் மிஞ்சியது ரொம்பக் கொஞ்சம், அதில் ஒரு துண்டு. உள்ளே நுழைந்ததும் கண்ணாடி மூடிக்கொண்டது. மரத்தில் பாசி, பாசியில் பெரணி, பெரணியில் தண்ணீர். குழம்பு வந்து தொட்டால் ஓரம் கருகும், உள்ளே ஓடாது. ஒரு சருகைக் கையில் எடுத்து ஒடித்தேன். வளைந்தது, ஒடியவில்லை. திங்கட்கிழமை கிள்ளிய கொத்து நினைவுக்கு வந்தது. இரண்டு இடத்துக்கும் நடுவில் பறவைக் கணக்கில் அறுபது கிலோமீட்டர் இருந்தால் அதிகம்.

சனி, சேன்-ஆந்த்ரே

தீபாவளி வேலைகள் நடக்கின்றன. இங்கே நகரமே சேர்ந்து கொண்டாடும், ஊர்வலம், மேடை, வாணவேடிக்கை எல்லாம் உண்டு. கிழக்குக் கரை என்பதால் வெடிக்குப் பயமில்லை, காலையில்தான் ஒரு மழை பெய்திருந்தது.

கோயிலில் ஒரு பெரியவரைப் பார்த்தோம். நான்கு தலைமுறைக்கு முன் வந்த குடும்பம். கிரியோலில் பேசினார், மாமா எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். பாஞ்சாலிக்காகத் தீ மிதிப்பதை இங்கே பண்டியாலே திருவிழா என்கிறார்கள். பலமுறை மிதித்தவர். நெருப்பை எப்படித் தயார் செய்வீர்கள் என்று கேட்டேன். எந்த விறகு, எத்தனை மணிக்கு மூட்டுவது, தணலை எப்படி இழுத்துச் சமமாகப் பரப்புவது, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தால் சாமான்களை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று விரல்விட்டுச் சொன்னார். குழியைச் சுற்றி ஒரு பொட்டுச் சருகு இருக்கக்கூடாதாம், அதைப் பெருக்குவதற்கென்றே ஆட்கள். தண்ணீர்க் குழாயோடு ஒருவர் கடைசிவரை நிற்பார். பக்தியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாயிதோ தீயைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மாறியது. “அது நெருப்பே இல்லை, களவு” என்றாராம்.

திரும்பும் வழியில் வண்டியில் அக்கா நாளைய ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஆரம்பித்தாள். போன வாரம் போன இடத்துக்கே போகலாம், ஆட்டுக்கறி மசாலே வைக்கலாம். அக்கா மகள் போனில் தீக்குறியீட்டு வரைபடத்தைத் திறந்தாள். மேற்குக் கரை இரண்டு நாளில் இன்னொரு படி சிவந்திருந்தது. காற்றும் ஏறும் என்று உள்ளூர் வானிலை.

“தடை போட்டுட்டாங்களா?” என்றாள் அக்கா.

“இன்னும் இல்ல.”

“அப்புறம் என்ன?”

மாமா ஒன்றும் பேசாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். சேன்-தெனி தாண்டி, பாலத்தைத் தாண்டி, வைக்கோல் நிறப் புல் ஆரம்பித்த இடத்தில், “கடற்கரைக்குப் போகலாம்” என்றார். “புளிசாதம் கட்டு.”

விறகடுப்பு இல்லாத ஞாயிறு ஒரு ஞாயிறா என்று அக்கா வீடு வரைக்கும் முணுமுணுத்தாள். உள்ளே போனதும் முதல் வேலையாகப் புளியை ஊறப் போட்டாள்.